எப்.பி.சி. குறைந்தால் எக்ஸ்ரேதான் காரணமா?

வேலைத்தலமும் உடல்நலமும் – வாசகர் கேள்வி பதில்

கதிர்வீச்சோடு வேலை செய்பவர்களின் இரத்தத்தில் வெள்ளை அணுக்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எப்.பி.சி. என்பது இரத்த அணுக்களை எண்ணும் முழு இரத்தப் பரிசோதனை. கேட்டவர்களின் பெயர்களை விட்டு, தொழிலையும் இடத்தையும் மட்டும் தருகிறோம்.

கேள்வி: எட்டு வருடமாக எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கேன் பிரிவில் வேலை செய்கிறேன். வருடாந்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 3,600 என்று வந்தது. போன வருடம் 5,900. நியூட்ரோபில் 46 வீதம், லிம்போசைட் 44 வீதம், பிளேட்லெட் 138,000. வேலையில் அணியும் கதிர் அளக்கும் பட்ஜின் அறிக்கைகளைக் கூட்டினால் பன்னிரண்டு மாதத்துக்கும் 0.9 மில்லிசீவேர்ட் (கதிர் அளவின் அலகு). இரண்டு கிழமைக்கு முன் மூன்று நாள் காய்ச்சல் இருந்தது. கூட வேலை செய்பவர்கள் இடமாற்றம் கேட்கச் சொல்கிறார்கள். கேட்கவா?
– ரேடியோகிராபர், கொட்டாஞ்சேனை

பதில்: இடமாற்றக் கடிதத்தை எழுதும் முன் ஒரு சின்னப் பெருக்கல். வீதங்களைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எண்ணிக்கையாக மாற்ற வேண்டும். 3,600இல் 46 வீதம் என்றால் நியூட்ரோபில் மைக்ரோலீற்றருக்கு 1,656. 44 வீதம் என்றால் லிம்போசைட் 1,584. வெள்ளை அணுவின் இரண்டு வகைகள் இவை, பாடசாலையில் நடுநிலைநாடி, நிணநீர்க்குழியம் என்று படித்தோமே, அவையேதான். வளர்ந்தவருக்கு லிம்போசைட் 1,000 தொடக்கம் 4,000 வரை இருக்கலாம். உங்களுடையது அதற்குள் வசதியாக நிற்கிறது. இறங்கியிருப்பவை நியூட்ரோபிலும் பிளேட்லெட்டும்.

கதிர்வீச்சு கைவைத்தால் வரிசை இப்படி வராது. உடம்பின் பெரும்பாலான கலங்கள் பிரிவடையப் போகும் நேரத்தில்தான் கதிரின் சேதத்தால் சாகும். லிம்போசைட் அதற்கு விதிவிலக்கு. பிரியாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சேதம் பட்ட சில மணித்தியாலங்களில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதனால் இரத்தத்தில் முதலில் சரிவது அதுதான். நியூட்ரோபிலின் கதை வேறு. இரத்தத்தில் அதன் வாழ்வு ஒரு நாள்கூட இல்லை. ஆனால் என்புமச்சையில் முதிர்ந்துகொண்டிருப்பவை பத்து நாளுக்குக் கிட்டக் கையிருப்பாக இருக்கும். கதிர் மச்சையின் மூலக்கலங்களைத் தாக்கினாலும் அந்தக் கையிருப்பு தீரும்வரை வெளியே பெரிதாகத் தெரியாது. பிளேட்லெட்டின் ஆயுள் 8 தொடக்கம் 10 நாள், செங்குழியத்தின் ஆயுள் 120 நாள். அதனால் அவையும் பிந்தித்தான் இறங்கும். லிம்போசைட் அசையாமல் நிற்க மற்றவை மட்டும் இறங்கியிருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்.

அடுத்தது அளவு. முழு உடம்பும் ஒரே தடவையில் கதிர் வாங்கினால், இரத்த உற்பத்தி பாதிக்கப்படத் தொடங்கும் அளவு ஏறத்தாழ 500 மில்லிகிரே (உடம்பு உறிஞ்சும் கதிரின் அலகு). கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் வாங்குபவருக்கு அது வருடத்துக்கு 400 மில்லிகிரே அளவில் இருக்கிறது. எக்ஸ்ரேக்கு முழு உடம்புக் கணக்கில் மில்லிகிரேயும் மில்லிசீவேர்ட்டும் ஒன்றென்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வருடக் கணக்கு 0.9. தொழிலாளருக்கான எல்லையோ ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20, எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் உலகில் ஒருவர் சும்மா இருந்தே வருடத்துக்கு வாங்கும் சராசரி 2.4 மில்லிசீவேர்ட். உங்களுக்கு வேலை தந்தது அதில் பாதிகூட இல்லை.

அப்படியானால் எது? காய்ச்சலைக் கடிதத்தின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். அது முதல் வரியில் வந்திருக்க வேண்டும். கொழும்பில் வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து இறங்கினால் முதலில் கேட்க வேண்டியது டெங்குவைப் பற்றி. டெங்குவில் வெள்ளை அணு மூன்றாம் நாளளவில் 5,000க்குக் கீழே போகும். பிளேட்லெட் அதன் பின்னால் இறங்கும். சாதாரண வைரஸ் காய்ச்சலும் இதையே சிறிய அளவில் செய்யும். மருந்துகளையும் பாருங்கள். தைரொயிட்டுக்குக் கார்பிமசோல் எடுப்பவருக்கு நியூட்ரோபில் திடீரென்று விழலாம். அவர்கள் தொண்டை நோவு அல்லது காய்ச்சல் வந்த அன்றே எப்.பி.சி. எடுக்க வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது. சில மனநோய் மருந்துகள், சல்பா வகை நுண்ணுயிர்க்கொல்லிகள், வைற்றமின் பி12 குறைபாடு, லூபஸ், பெருத்த மண்ணீரல் என்று பட்டியல் இன்னும் நீளம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இயல்பு எல்லை என்று அறிக்கையில் அச்சடிப்பது ஆரோக்கியமானவர்களில் 95 வீதத்தினரை உள்ளடக்கும் எல்லை. நாற்பது நல்ல ஆட்களை வரிசையில் நிறுத்தினால் ஒருவர் கீழ்க்கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்.

செய்ய வேண்டியது: காய்ச்சல் விட்டு மூன்று, நான்கு கிழமை கழித்து அதே ஆய்வுகூடத்தில், அதே காலை நேரத்தில், ஓடியாடாமல் சற்று இருந்துவிட்டு மீண்டும் எப்.பி.சி. எடுங்கள். இரத்தம் ஊதா மூடியுள்ள ஈ.டி.ரி.ஏ. குழாயில் கோடுவரை எடுக்கப்பட்டு உடனே மெல்லத் தலைகீழாகப் புரட்டப்பட வேண்டும். அரைகுறையாகக் கலந்தால் சிறு கட்டிகள் விழும், பிளேட்லெட் பொய்யாகக் குறையும். குறைவு தொடர்ந்தால் இயந்திரக் கணக்கோடு நிற்காமல் இரத்தப்பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரோபில் 1,000க்குக் கீழே போனால், அல்லது வெள்ளை அணு, செங்குழியம், பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து இறங்கினால், குருதியியல் நிபுணரிடம் போக வேண்டும். அது உங்கள் வேலையோடு தொடர்பில்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். ‘கதிர்வீச்சால்தான்’ என்று முடிவு கட்டிவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுவதில்தான் ஆபத்து கூட.

கேள்வி: நான் எம்.ஆர்.ஐ. பிரிவில் மட்டும் வேலை செய்கிறேன். எனக்கும் வெள்ளை அணு 3,900.
– வெள்ளவத்தை

பதில்: எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போலக் கலத்தைச் சேதப்படுத்தும் அயனாக்கும் கதிர் இல்லை, அல்ட்ராசவுண்டிலும் இல்லை. மேலே உள்ள பதிலில் டெங்குவிலிருந்து வாசியுங்கள்.

கேள்வி: இருதய நோயாளருக்கு அஞ்சியோகிராம் செய்யும் அறையில் தாதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் எப்.பி.சி. எடுக்கிறார்கள், எப்போதும் ‘நோர்மல்’. அதனால் பட்ஜ் போடுவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இது போதுமா?
– தாதி உத்தியோகத்தர், கொழும்பு 10

பதில்: போதாது. வேலையில் சேரும்போது ஒரு எப்.பி.சி. எடுத்து அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைப்பது பயனுள்ளது, பின்னால் ஏதும் நடந்தால் ஒப்பிடலாம். அதற்குமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணுவது கதிரை அளக்காது. வருடத்துக்கு 20 மில்லிசீவேர்ட் எல்லையை நீங்கள் இரண்டு மடங்கு மீறினாலும் எப்.பி.சி. ‘நோர்மல்’ என்றே சிரிக்கும். மருத்துவக் கதிர் ஊழியரின் வெள்ளை அணுக்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் சிலவற்றில் சிறு வித்தியாசம் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. தெரிந்த இடத்திலும் சராசரி பெரும்பாலும் இயல்பு எல்லைக்குள்தான் இருந்தது. தனி ஒருவரின் அறிக்கையில் அதைப் பிடிக்க முடியாது.

பட்ஜுக்கு வருவோம். உங்கள் அறையில் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்று ஈய அங்கிக்கு உள்ளே நெஞ்சில், மற்றது அங்கிக்கு வெளியே கழுத்துப் பட்டியில். இரண்டையும் சேர்த்து உடம்பின் அளவைக் கணிக்க ஒரு எளிய வழி உண்டு: உள்ளே வந்த எண்ணின் பாதி, வெளியே வந்த எண்ணின் நாற்பதில் ஒரு பங்கு, இரண்டையும் கூட்டுங்கள். உள்ளே 0.4, வெளியே 6.0 என்றால் 0.2 உடன் 0.15 சேர்ந்து 0.35 மில்லிசீவேர்ட். வெளியே வந்த 6.0ஐ அப்படியே உடம்புக் கணக்கென்று எடுத்துப் பதறுபவர்களும் உண்டு. உள்ளே வந்ததை மட்டும் பார்த்துக் கண்ணை மறந்துவிடுபவர்களும் உண்டு. கண்வில்லைக்கு அந்தக் கழுத்துப்பட்டி எண்தான் வழிகாட்டி. கண்வில்லையின் எல்லை முன்பு வருடத்துக்கு 150 ஆக இருந்தது. 2011இல் சர்வதேச கதிர்ப்பாதுகாப்பு ஆணைக்குழு அதை 20ஆக இறக்கும்படி பரிந்துரைத்தது. அஞ்சியோகிராம் அறையில் வெள்ளை அணுவுக்கு முன்னால் கவலைப்பட வேண்டியது கண்புரையைப் பற்றி.

பட்ஜ் பொய் சொல்லும் சந்தர்ப்பங்கள் எல்லாம் நம் கையால் வருபவை. அங்கியோடு சேர்த்து அறைக்குள்ளேயே தொங்கவிட்டால் நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் கதிர் வாங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் சூட்டில் பட்ஜுக்குள் இருக்கும் ரி.எல்.டி. என்ற பளிங்கில் சேமித்த சமிக்ஞை கசிந்து குறைத்துக் காட்டும். உங்களுக்கு நோயாளியாக எக்ஸ்ரே எடுக்கும்போது பட்ஜைக் கழற்றி வையுங்கள், அது வேலைக் கணக்கல்ல. இன்னொருவரின் பட்ஜை இரவல் போட்டால் இருவரின் பதிவும் கெடும். பட்ஜ் சேவையை நடத்துவது பேஸ்லைன் வீதி, ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்திச் சபை. அனுமதிப்பத்திரம், மேற்பார்வை எல்லாம் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் பொறுப்பு. அறிக்கை நிர்வாக அலமாரிக்குள் போய்ப் படுத்துவிடாமல், உங்கள் எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு கொப்பியில் எழுதுங்கள். கேட்பது உரிமை, சலுகை அல்ல.

வெள்ளை அணு பற்றித்தான் கேட்டீர்கள் என்பதால் அங்கியைப் பற்றி ஒன்று. வளர்ந்தவரின் செம்மச்சை, அதாவது இரத்தம் உற்பத்தியாகும் என்புமச்சை, பெரும்பகுதி இடுப்பெலும்பு, முள்ளந்தண்டு, விலா, நெஞ்செலும்பு ஆகியவற்றில் இருக்கிறது. நல்ல அங்கி மூடுவது சரியாக அந்த இடத்தைத்தான். அரை மில்லிமீற்றர் ஈயம் சிதறல் கதிரில் தொண்ணூறு வீதத்துக்கும் மேலே தடுத்துவிடும். ஆனால் மடித்து நாற்காலியில் போட்ட அங்கிக்குள் ஈயத்தாள் வெடித்துப் போகும், வெளியே தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை ஃபுளோரோஸ்கோப்பி என்ற ஓடும் எக்ஸ்ரே படத்தின் கீழ் விரித்து வெடிப்புப் பார்க்க வேண்டும். முதுகைக் காட்டி நின்று மருந்து எடுப்பவருக்கு முன்பக்கம் மட்டும் மூடும் அங்கி உதவாது. கதிர்க்குழாய் கட்டிலுக்குக் கீழே இருக்கும்போது சிதறல் கால்பக்கம்தான் கூடுதல், கட்டில் ஓர ஈயத் திரையை இறக்கி விடுங்கள். கதிர் சிதறும் மையம் நோயாளியின் உடம்பு. படம் ஓடும் நேரத்தில் அரை மீற்றரிலிருந்து ஒரு மீற்றருக்கு விலகினாலே நாலில் ஒன்றாகக் குறையும்.

கேள்வி: மகளுக்கு ரேடியோகிராபி பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரத்தப் புற்றுநோய் வரும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அனுப்பலாமா?
– தாய், வத்தளை

பதில்: அந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு, அம்மா. ஆரம்பகால ரேடியோலொஜிஸ்டுகள் கையால் படத்தைப் பிடித்து, திரையில்லாமல் வேலை செய்தார்கள். 1944இல் அமெரிக்க வைத்தியர்களின் மரணக் காரணங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ரேடியோலொஜிஸ்டுகளிடம் லியூக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் மற்ற வைத்தியர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. மேரி கியூரி 1934இல் இறந்தது என்புமச்சை வற்றிப்போகும் இரத்தச்சோகையால்.

இன்றைய கணக்கு வேறு. பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றிலும் அணுத்துறை ஊழியர் 308,297 பேரைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. அவர்களின் மச்சைக்குக் கிடைத்த மொத்த அளவு சராசரியாக 16 மில்லிகிரே. நாட்பட்ட லிம்போசைட் வகையைத் தவிர்த்த லியூக்கேமியாவால் இறந்தவர்கள் 531 பேர். ஒரு கிரேக்கு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு மேலதிகமாகக் கூடுகிறது என்று கணித்தார்கள். ஒரு கிரே என்பது 1,000 மில்லிகிரே. உங்கள் மகள் முப்பது வருட சேவையில் மொத்தம் 20 வாங்கினார் என்று வைத்தால், எல்லோருக்கும் உள்ள லியூக்கேமியா அபாயத்தின் மேல் அவருக்கு நூற்றுக்கு ஆறு பங்களவு கூடும். லியூக்கேமியா அரிதான நோய். அரிதான ஒன்றின் நூற்றில் ஆறு பங்கு மிகச் சிறியது, ஆனால் பூச்சியம் அல்ல. பூச்சியம் என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். சாதாரண எக்ஸ்ரே அறையில் ஒழுங்காக வேலை செய்பவரின் வருட அளவு பெரும்பாலும் ஒரு மில்லிசீவேர்ட்டுக்கும் கீழ்.

அனுப்புங்கள். பிற்காலத்தில் கர்ப்பமானால் தெரிந்த நாளே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். அறிவித்த நாளிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவேர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தரவேண்டியது நிர்வாகத்தின் கடமை. அந்தக் காலத்தில் எப்.பி.சி.யில் வெள்ளை அணு பன்னிரண்டு, பதினான்காயிரம் என்று வந்தால் அது கர்ப்பத்தின் இயல்பு.

கேள்வி: கப்பல் திருத்தும் இடங்களில் இரவில் வெல்டிங் இணைப்புகளைப் படமெடுக்கும் குழுவில் உதவியாளன். இரிடியம்–192 என்ற கதிரியக்க உலோகம், 40 கியூரி (கதிரியக்கத்தின் அளவு) என்று சொன்னார்கள். சனிக்கிழமை இரவு சோர்ஸ் (அந்த உலோகத் துண்டு) அதன் கவசப் பெட்டியான கமராவுக்குள் திரும்பி வராதது தெரியாமல், அது போய்வரும் கைட் டியூபைக் கழற்றப் போனேன். மூன்று, நான்கு நிமிடம் நின்றிருப்பேன். மறுநாள் காலை எப்.பி.சி. எடுத்தார்கள்: வெள்ளை அணு 10,800. “குறையவே இல்லை, பயப்பட ஒன்றுமில்லை” என்று திங்கள் வேலைக்கு வரச் சொன்னார்கள். வாந்தி இல்லை. வலக்கை விரல் நுனிகள் லேசாகச் சிவந்தன. நான் சுகமாகத்தான் இருக்கிறேனா?
– மட்டக்குளி

பதில்: அச்சில் வரும்வரை வைத்திருக்கும் கேள்வி அல்ல இது. உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறோம்: வேலைக்கல்ல, வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றவர்களுக்காக விபரமாக இங்கே.

முதல் நாள் காலை எடுத்த ஒற்றை எண்ணிக்கைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. பதற்றத்தாலும் உடம்பின் முதல் எதிர்வினையாலும் நாளச்சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்கள் இரத்தத்துக்குள் இறங்கும். அதனால் கதிர் வாங்கியவருக்கு முதல் ஓரிரு நாள் மொத்த வெள்ளை அணு வழமையைவிடக் கூடுதலாகவும் வரலாம். பார்க்க வேண்டியது மொத்தமல்ல, லிம்போசைட். அதையும் ஒரு தடவையல்ல, முதல் 48 மணித்தியாலமும் ஆறு தொடக்கம் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு அறிக்கையிலும் மொத்தத்தை வீதத்தால் பெருக்கி நேரத்தோடு எழுதி, இறங்கும் சரிவைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் லிம்போசைட் 800 தொடக்கம் 1,500 வரை நின்றால் முழு உடம்பு அளவு 1–2 கிரே, 500–800 என்றால் 2–4 கிரே, 300–500 என்றால் 4–6 கிரே என்று வைத்தியர்கள் மதிப்பிடுவார்கள். வாந்தியும் ஒரு கடிகாரம். இரண்டு கிரேக்குக் கீழ் அது வந்தாலும் இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வரும். ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தால் நான்கு கிரேயைத் தாண்டியிருக்கக்கூடும். உங்களுக்கு வாந்தி இல்லாதது நல்ல செய்தி, அந்தளவில்.

இனி தூரக் கணக்கு. 40 கியூரி இரிடியம் ஒரு மீற்றரில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 190 மில்லிசீவேர்ட் தரும். 30 சென்ரிமீற்றரில் அது நிமிடத்துக்கு 35. நான்கு நிமிடத்துக்கு 140. உங்கள் உடம்பு அவ்வளவு தூரத்தில் நின்றிருந்தால் எப்.பி.சி. கடைசிவரை இயல்பாகவே இருக்கக்கூடும். ஆனால் கை? இரண்டு சென்ரிமீற்றரில் அதே சோர்ஸ் நிமிடத்துக்கு எட்டு கிரேயளவு கொடுக்கும். உடம்பு தப்பி, இரத்தம் தப்பி, விரல் மட்டும் வெந்துபோவது இந்தத் தொழிலில் வழமையான விபத்து. சில மணித்தியாலங்களில் வந்து மறையும் சிவப்பைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு, மூன்று கிழமை ஒன்றும் தெரியாது. பிறகு சிவப்பு திரும்பும், நோவு வரும், அளவு கூடவென்றால் கொப்புளம் கட்டும். இரண்டு கையையும் இன்றே வெளிச்சத்தில் படமெடுங்கள், நாளுக்கு ஒருமுறை அதே கோணத்தில் தொடருங்கள். எங்கே நின்றீர்கள், எந்தக் கையால் எதைப் பிடித்தீர்கள், எவ்வளவு நேரம் என்று நினைவு மங்கும் முன் ஒரு தாளில் கீறி வையுங்கள். அளவைக் கணிக்கப் போகிறவருக்கு அந்தக் கோட்டுப்படம் பொன். பட்ஜை வழமையான மாற்றத்துக்குக் காத்திராமல் அவசரமாக வாசிக்கக் கொடுக்க வேண்டும். ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு அறிவிப்பது நிறுவனத்தின் கடமை.

லிம்போசைட்டில் இன்னொரு பரிசோதனையும் உண்டு. எண்ணுவதை விட்டு அதற்குள்ளே பார்ப்பது. கதிரால் முறிந்த இரண்டு நிறமூர்த்தங்கள் தவறாக ஒட்டிக்கொண்டால் இரண்டு இடுப்பு உள்ள ஒரு விசித்திர உருவம் வரும். சாதாரணமானவரிடம் அது ஆயிரம் கலத்துக்கு ஒன்றளவில்தான் காணப்படும். இரத்தத்தை 37 பாகையில் 48 மணித்தியாலம் வளர்த்து, 500 தொடக்கம் 1,000 கலங்களை நுண்ணோக்கியில் தேடினால், 100 மில்லிகிரேயளவு முழு உடம்புக் கதிரையே பிடிக்கலாம். எப்.பி.சி.யைவிட ஐந்து மடங்கு கூர்மை. இங்கேதான் அடிக்கடி பிழை நடக்கிறது: இதற்கு ஊதா மூடிக் குழாய் சரிவராது, ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய் வேண்டும். கலங்கள் உயிரோடு போக வேண்டும் என்பதால் குளிரில் உறைய வைக்கக் கூடாது. விபத்து நடந்து 24 மணித்தியாலம் கழித்து எடுத்தால் நல்லது.

ஈரானின் கிலான் மாகாணத்தில் 1996இல் ஒரு மின்நிலையத் தொழிலாளி, கீழே கிடந்த இரிடியம் சோர்ஸை என்னவென்று தெரியாமல் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். நெஞ்சு வெந்தது, மச்சையும் அடங்கிப்போனது, சிகிச்சையால் பிழைத்தார். மூன்று வருடம் கழித்துப் பெருவில் ஒரு வெல்டர் காற்சட்டைப் பின்பைக்குள் போட்டார். அவருக்குக் கால் போனது. இரண்டு இடத்திலும் சோர்ஸ் சில மில்லிமீற்றர் உலோகத் துண்டு, பார்க்க ஒரு நட் மாதிரி.

உங்கள் குழு அன்று தவறவிட்டது ஒரே ஒரு படி. சோர்ஸை உள்ளே இழுக்கும் கிராங்கைச் சுற்றி முடித்ததும், சோர்ஸ் உள்ளே போனது என்று எண்ணி நடக்கக் கூடாது. அளவுமானியைக் கையில் பிடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே கமராவை அணுகி, அதைச் சுற்றி, கைட் டியூபின் நுனிவரை அளந்த பிறகுதான் தொட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இது வேண்டும், நாற்பதாவது படத்துக்கும் வேண்டும். மானியின் பற்றரி போனால் வேலை நிற்க வேண்டும். முள் இறங்காவிட்டால் விலகி, கயிறு கட்டி, ஆட்களை வெளியேற்றி, பொறுப்பதிகாரியை அழையுங்கள். சோர்ஸை மீட்பது பயிற்சியும் கருவியும் உள்ளவரின் வேலை. உதவியாளனின் வேலை அல்ல, யார் கட்டளை போட்டாலும்.

கேள்வி: பழைய இரும்புக் கடை. அளவுக்கு மீறிய பாரமான ஒரு உருளை வந்திருக்கிறது. மஞ்சளில் விசிறி மாதிரிக் கறுப்புக் குறி. உள்ளே ஈயம் இருக்குமென்று வெட்டச் சொல்கிறார்கள். வெட்டினால் இரத்தம் கெடுமா?
– கிராண்ட்பாஸ்

பதில்: வெட்ட வேண்டாம், தொட வேண்டாம், உருட்ட வேண்டாம். சுற்றிலும் முப்பது மீற்றருக்கு ஆட்களை விலக்கி 119க்கு அழைத்து, கதிர்வீச்சுக் குறியுள்ள பொருள் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே கையாண்டவர்கள் கை கழுவி, உடை மாற்றி, ஓரிடத்தில் இருக்கட்டும். அவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் இப்படித்தான். ஒரு பல்கலைக்கழகம் பாவிக்காமல் கிடந்த கோபால்ட்–60 கருவியை ஏலத்தில் விற்க, பழைய இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தார்கள். வேலையாட்களுக்கு மச்சை அடங்கி வெள்ளை அணு விழுந்தது, ஒருவர் இறந்தார். ஈயத்தின் விலை எவ்வளவென்று நமக்கும் தெரியும். அந்த விலைக்கு இது தகாது.

கேள்வி: கதிர்வீச்சு வேலை செய்பவர்கள் பாலும் கருப்பட்டியும் சாப்பிட்டால் வெள்ளை அணு குறையாது என்கிறார்கள். பப்பாசி இலைச் சாறு? அயடின் குளுசை?
– தெமட்டகொடை

பதில்: பாலும் கருப்பட்டியும் நல்ல சாப்பாடு, சீனி வருத்தம் இல்லாதவருக்கு. கதிருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பப்பாசி இலையும் அப்படியே. அயடின் குளுசை கதிரியக்க அயடின் தைரொயிட்டில் சேர்வதை மட்டும் தடுக்கும். எக்ஸ்ரேக்கும் கோபால்ட்டுக்கும் இரிடியத்துக்கும் மச்சைக்கும் அது ஒன்றும் செய்யாது. மச்சை உண்மையிலேயே அடங்கிய விபத்தில், நியூட்ரோபில் உற்பத்தியைத் தூண்டும் ஃபில்கிராஸ்ரிம் ஊசியை வைத்தியசாலையில் போடுவார்கள். அது சமையலறை மருந்தல்ல.

கேள்வி: 1980களில் வெளிநாட்டில் தொழிற்சாலைக் கதிர்ப்படப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள், வருடத்தில் ஒரு மாதம் ‘கதிர் லீவு’ தருவார்கள். அப்போது எவ்வளவு வாங்கினேன் என்று இன்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?
– ஓய்வுபெற்றவர், தெஹிவளை

பதில்: அந்த லீவு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1928இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய சர்வதேசக் குழு எக்ஸ்ரே, ரேடியம் ஊழியருக்கு விதித்தது: நாளுக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, கிழமைக்கு ஐந்து நாள், வருடத்துக்கு ஒரு மாத விடுமுறை, ஓய்வு நாளைத் திறந்த வெளியில் கழிக்க வேண்டும். ஆளுக்கொரு பட்ஜ் வழக்கத்துக்கு வராத காலத்தில் இரத்த எண்ணிக்கைதான் எச்சரிக்கை மணி. அது இறங்கினால் வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். அளக்கும் கருவி வந்த பிறகும் பல இடங்களில் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இன்றைய எப்.பி.சி. உங்கள் 1980களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மேலே சொன்ன இரண்டு இடுப்பு நிறமூர்த்தமும் உதவாது. அதைச் சுமக்கும் லிம்போசைட்டுகள் சில வருடங்களில் கழிந்துபோகும். நிறமூர்த்தத் துண்டுகள் இடம்மாறி ஒட்டிய வகை நீடித்து நிற்கும், ஒளிரும் சாயம் ஏற்றி அதைத் தேடலாம். ஆனால் வயதும் புகைப்பழக்கமும் அதே அடையாளத்தைக் கூட்டும் என்பதால், சிறிய அளவுகளை ஒரு தனி ஆளில் பிரித்தறிய முடியாது. ஒரு பெரிய விபத்து நடந்திருந்தால் மட்டும் பயன்.

உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இன்றைய சர்வதேசப் பாதுகாப்புத் தராதரங்களின்படி தொழிலாளியின் கதிர்ப் பதிவை அவர் 75 வயதை அடையும் வரையாவது, வேலையை விட்டு ஆகக்குறைந்தது 30 வருடமாவது வைத்திருக்க வேண்டும். பழைய நிறுவனத்துக்கும் அந்த நாட்டின் ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கும் முழுப் பெயர், பிறந்த திகதி, ஊழியர் இலக்கம், வேலை செய்த வருடங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். அவர்கள் அனுப்பும் எண் மில்லிசீவேர்ட்டில் இல்லாமல் ‘ரெம்’ என்று இருந்தால் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.